அவசர ஊர்திகளின் மின்னும் முகப்பு விளக்குகள்

விளக்கு இருளை நீக்கும் பொருள் என்பது யாவரும் அறிந்தது. அதற்குச் செய்தி கூறும் தொழிலொன்றும் உண்டு என்பது பலராலும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் அமைந்த கொழும்புத்துறை, பூநகரிப் பக்கத்திலிருந்து வள்ளங்கள் வந்து சேர்ந்த பழைய துறைகளுள் ஒன்று. நீரோடு வாழ்ந்த இத்தகைய ஊர்களின் மக்களுக்கு விளக்கின் இவ்விரு தொழில்களும் புதியன அல்ல. வள்ளத்தினுள் வைத்த அரிக்கன் விளக்கு வலையிழுப்பவனுக்கு வெளிச்சந் தருவது. பருத்தித்துறையிலும் காரைநகர்க் கோவளத்திலும் உயர்ந்து நிற்கும் வெளிச்சவீடுகளோ கடலில் உள்ளவனுக்குக் கரை இருக்குமிடத்தைக் கூறுவன. முன்னது பார்ப்பதற்கு உதவும் விளக்கு. பின்னது பார்க்கப்படுதற்கென்றே ஏற்றப்பட்ட விளக்கு.

மோட்டார் வண்டியின் முகப்பு விளக்கு முன்னைய வகையைச் சார்ந்தது. சாரதிக்கு வீதியைக் காட்டுதலே அதன் முதற்கடன். அதே விளக்கை நோயாளர் காவு வண்டியிலும் தீயணைப்பு வண்டியிலும் இடமும் வலமும் மாறிமாறி மின்னச் செய்யும்போது, 'வழி விடுக' என்று பிறரை வேண்டும் இரண்டாவது கடனும் அதன்மேற் சுமத்தப்படுகின்றது. ஒரு விளக்கு இரு கடன்களை ஏற்குமாயின், பின்னது முன்னதைக் கெடுத்தல் ஆகாது. இக்கருவியைப் பொருத்தும் முறை முழுவதும் இவ்வொரு விதியின் விரிவேயாகும்.

கொழும்புத்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிச் செல்லும் வீதியை எடுத்துக்கொண்டால் இவ்விதியின் இன்றியமையாமை விளங்கும். போதனா வைத்தியசாலை நகரின் நடுவே உள்ளது. மாரடைப்புற்றவரையோ பேற்று நோவுற்ற தாயையோ ஏற்றிவரும் வண்டி, துவிச்சக்கர வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் மீன் ஏற்றிய மோட்டார்ச் சைக்கிள்களும் நெருங்கிய வீதியினூடே அவ்விடத்தை அடைதல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கப்படும் 'சுவசெரிய' இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 ஜூலை 21 ஆந் தேதி யாழ்ப்பாணத்தில் வைத்து அது வட மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. தொலைபேசியில் அழைத்தால் வண்டி வீட்டுவாயிலுக்கு வரும் என்ற நம்பிக்கை இவ்வாறு ஊர்தோறும் ஏற்பட்டது. அவ்வண்டிக்கு வீதியிலுள்ளோர் வழிவிடுதல் அந்நம்பிக்கையின் மறுபாதி.

வண்டியின் கூரைமேல் நீலமும் சிவப்புமான சுழல் விளக்குகள் இருக்கும்போது முகப்பு விளக்கும் ஏன் மின்னுதல் வேண்டும் என்ற ஐயம் எழலாம். முன்னே செல்லும் சாரதி பின்னே வருவதைத் தன் கண்ணாடியிலேயே காண்கின்றான். நோயாளர் காவு வண்டி அண்மையில் வரும்போது அதன் கூரை விளக்கு அச்சிறு கண்ணாடியின் மேல் விளிம்பைக் கடந்துவிடும். முகப்பு விளக்கோ கண்ணாடியின் நேர்மட்டத்துக்கு அண்மையில் இருப்பது. மேலும் கூரை விளக்கின் ஒளி நாற்றிசையும் பரவுவது. முகப்பு விளக்கின் தூர ஒளி பல்லாயிரங் கண்டெலா செறிவுடன் ஒரே திசையிற் குவிக்கப்பட்டது. நண்பகல் வெயிலில் நிறவிளக்குகள் மங்கித் தோன்றும்போதும் இவ்வெள்ளொளி தெளிவாகப் புலப்படும்.

இனி, நிலைத்து எரியும் ஒளியினும் மின்னும் ஒளி கருத்தை ஈர்ப்பதேன் என்பதை ஆராய்தல் வேண்டும். கண் மாற்றத்தையே விரைந்து உணர்வது. மாறாது நிற்கும் பொருளை, சிறப்பாகப் பார்வையின் ஓரத்தில் நிற்பதை, மூளை நாளடைவிற் பொருட்படுத்தாது விடுகின்றது. மறைந்து தோன்றுவதையும் அசைவதையும் பார்வையின் ஓரப்பகுதியும் உடனே அறிவிக்கும். கடலோடிகள் இவ்வுண்மையை நெடுநாளைக்கு முன்னரே பயன்கொண்டனர். சுவீடன் நாட்டு மார்ஸ்திராண்டில் 1781 இல் சுழலும் விளக்கு அமைக்கப்பட்டது. கரையிலுள்ள ஏனைய விளக்குகளிலிருந்து வெளிச்சவீட்டைப் பிரித்தறிய அது வழிசெய்தது.

மின்னலின் அளவையும் அறிஞர் கணித்தனர். பிரான்சிய அறிஞராகிய புளொண்டெல், றே என்னும் இருவர் 1911 இல் ஒரு தொடர்பைக் கண்டு வெளியிட்டனர். பார்வைக்கு எட்டும் எல்லையில், ஒளித்துடிப்பு ஒன்று t செக்கன் நீடிக்குமாயின், நிலையான ஒளியோடு ஒப்பிட அதன் பயன்படு செறிவு t ஐ 0.2 + t ஆல் வகுக்க வரும் பின்னமாகும் என்பது அது. இதன்படி 0.2 செக்கன் நீடிக்கும் துடிப்பு அரைப்பங்கு ஒளியாகவும், 0.05 செக்கன் நீடிப்பது ஐந்திலொரு பங்காகவும் தோன்றும். மிகக் குறுகிய துடிப்பு ஆற்றலை வீணாக்கும். மிக நீண்ட துடிப்பு மின்னல் என்னுந் தன்மையை இழக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கின்றது. ஆதலின் இரு துடிப்புகளுக்கிடையே நெடுநேரம் கழிதலும் ஆகாது. இவற்றையெல்லாம் சீர்தூக்கியே முகப்பு விளக்குகள் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்னுமாறு அமைக்கப்படுகின்றன. கூரை விளக்குகளுக்கு ஐக்கிய நாடுகளின் 65 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி செக்கனுக்கு 2 முதல் 4 வரையான மீடிறனை வகுத்துள்ளது.

மீடிறனை மேலும் உயர்த்தினால் ஊறு விளையும். ஒளித்துடிப்பாற் காக்கைவலிப்பு எய்தும் இயல்புடையோர் சிலர் உளர். செக்கனுக்கு 15 முதல் 20 வரையான துடிப்புகள் அவர்களுக்குப் பெருங்கேடு தருவன. 1997 டிசம்பர் 16 ஆந் தேதி யப்பானில் ஒளிபரப்பான சிறுவர் தொலைக்காட்சிச் சித்திரமொன்றில் சிவப்பும் நீலமும் செக்கனுக்கு 12 முறை மாறிமாறித் தோன்ற, 600 க்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாளியைக் காக்க வந்த விளக்கு வழியில் நிற்பவரை நோயாளியாக்குதல் தகாது.

இரு விளக்குகளும் ஒருங்கே மின்னாது மாறிமாறி மின்னுவதற்குக் காரணங்கள் மூன்று உள. முதலாவது, இரு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியுங்கால் ஒளி இங்குமங்கும் தாவுவதுபோலத் தோன்றும். 1912 இல் வெர்தைமர் என்னும் உளவியலறிஞர் ஆராய்ந்து விளக்கிய தோற்ற அசைவு இதுவே. அசைவு கருத்தை ஈர்க்கும் என்பது முன்னரே கூறப்பட்டது. இரண்டாவது, எக்கணத்திலும் ஒரு விளக்கேனும் எரிந்துகொண்டிருப்பதால் வண்டி முற்றும் மறைவதில்லை. மூன்றாவது, பொருள் மயக்கம் நீங்குகின்றது. இலங்கை வீதிகளில் ஒரு சாரதி இரு விளக்குகளையும் ஒருமுறை மின்னவிட்டால் 'நான் வருகின்றேன், நீ நில்' என்பதே பெரும்பாலும் பொருள். பிரித்தானியாவிலோ பலர் அதனை 'நீ முன்னே செல்' என்ற இசைவாகக் கொள்கின்றனர். அந்நாட்டு வீதி ஒழுங்கு நூல் 'நான் இங்கே உள்ளேன்' என அறிவித்தற்கு மட்டுமே அதனைப் பயன்படுத்துமாறு கூறுகின்றது. ஒரு குறிக்கு மூன்று பொருள் இருப்பது ஆபத்து. கையினாற் சுவிச்சை இழுத்துக் காட்டும் சாதாரண மின்னலோடு இடவல மாறுமின்னல் கலவாது. அவசரம் ஒன்றையே அது உணர்த்தும்.

இனிக் கருவி அமைப்பைக் காண்க. வண்டியின் பற்றரி 12 உவோற்று அழுத்தமுடையது. பரவலாக வழங்கும் எச்-4 வகைக் குமிழில் தூர ஒளி இழை 60 உவாற்று வலுவுடையது. அது 5 அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். இஃது இழை வெண்சூடாக இருக்கும்போதுள்ள அளவு. தங்குதன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை சூட்டுநிலைத் தடையின் பத்திலொரு பங்கிலும் குறைந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் முதற்கணத்தில் பன்மடங்கு மின்னோட்டம் பாய்கின்றது. சாரதியின் முன்னுள்ள சிறு சுவிச்சு இதனைத் தாங்காது. அதன் தொடுமுனைகள் கருகிப்போம். அதனாலேயே 'றிலே' எனப்படும் அஞ்சற்சுவிச்சு இடையில் வைக்கப்படுகின்றது. சிறு மின்னோட்டம் அதன் சுருளைக் காந்தமாக்கும். அக்காந்தம் நெம்பை இழுத்துப் பெரிய மின்னோட்டத்தின் வழியைத் திறக்கும். ஏவுவது சிறிது, ஏவப்படுவது பெரிது என்பதே அதன் தத்துவம்.

ஆயின் மின்னும் தொழில் முழுவதையும் அஞ்சற்சுவிச்சிடம் ஒப்படைத்தலும் பிழையாகும். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். நிமிடத்துக்கு 90 முறை எனின் மணிக்கு 5,400 முறை அந்நெம்பு அசைதல் வேண்டும். சாதாரண வண்டி அஞ்சற்சுவிச்சு முழுச்சுமையுடன் ஏறத்தாழ 1,00,000 முறை இயங்குமென உற்பத்தியாளர் கூறுவதுண்டு. அவ்வாறாயின் 19 மணி நேரத்துக்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும்! ஆகவே துடிப்பைத் தரும் பகுதி அசையும் உறுப்பில்லாத திரான்சிற்றராலும், எந்நிலை வேண்டும் என்று தெரியும் பகுதி மட்டும் அஞ்சற்சுவிச்சாலும் அமைதல் நன்று. பின்னது பயணத்துக்கு ஒருமுறை இருமுறையே அசையுமாதலின் நெடுங்காலம் உழைக்கும்.

அவ்வஞ்சற்சுவிச்சை இணைக்கும் முறையிலேயே தொழில்வல்லானின் அறிவு வெளிப்படும். அதற்கு இரு தொடுமுனைகள் உள: ஒன்று சுருளில் மின்னில்லாதபோது மூடியிருப்பது, மற்றையது சுருள் காந்தமானபோது மூடுவது. வண்டியின் இயல்பான முகப்பு விளக்குச் சுற்றை முதலாவது முனை வழியாகவும், மின்னும் கருவியை இரண்டாவது முனை வழியாகவும் இணைத்தல் வேண்டும். அப்போது மின்னும் கருவி பழுதாயினும், அதன் உருகி எரியினும், அதன் வயர் அறினும், நெம்பு தன் வில்லின் வலியால் இயல்பு நிலைக்கு மீளும். முகப்பு விளக்கு வழக்கம்போல் எரியும். மாறாக இணைத்துவிட்டால், கருவி கெடும் கணத்திலேயே வண்டி இருளில் மூழ்கும். இரண்டிலும் கொண்ட பொருள்கள் ஒன்றே. இணைப்பின் ஒழுங்கு மட்டுமே வேறு. கருவி தவறுங்கால் எப்பக்கம் தவறவேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்தல் பொறியியலின் முதற்பாடம்.

ஏனைய விதிகள் இதனைச் சார்ந்தன. மின்னோட்டத்துக்கு ஏற்ற பருமனுள்ள வயர் வேண்டும். மெல்லிய வயர் சூடேறி அழுத்தத்தை இழக்கும். உருகியைப் பற்றரிக்கு அண்மையில் வைத்தல் வேண்டும். தொலைவில் வைத்தால் இடைப்பட்ட வயர் உராய்ந்து உடலைத் தொடும்போது காப்பு இல்லை. கடற்கரையூர்களில் மற்றுமொரு பகை உண்டு. உப்புக்காற்று செப்பு இணைப்புகளிற் பச்சைக் களிம்பை உண்டாக்கித் தடையை உயர்த்தும். முறுக்கிச் சுற்றி நாடா ஒட்டிய இணைப்பு ஒரு மாரிக்கும் தாங்காது. நசுக்கி இறுக்கிய முனைகளும் நீர்புகா உறைகளும் அங்கே ஆடம்பரமல்ல, அவசியம்.

எல்லா விளக்குகளும் மின்னுதற்கு ஏற்றனவல்ல. அலசன் குமிழில், ஆவியாகும் தங்குதனை மீண்டும் இழைக்கே சேர்க்கும் வட்டம் நடைபெறுதற்குக் குமிழின் சுவர் ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருத்தல் வேண்டும். இடைவிடாது மின்னவைத்தால் அச்சூடு குறையலாம். குமிழ் கருமை படரலாம். துடிப்புகளுக்கிடையே இழையை முற்றும் அணையவிடாது மங்கிய செந்நிறத்தில் வைத்திருக்கும் கருவிகள், முதற்கணத்து மின்னோட்ட அதிர்ச்சியைக் குறைக்கின்றன. செனன் வில் விளக்கு தொடங்குவதற்குப் பல்லாயிரம் உவோற்று வேண்டும். முழு ஒளிபெறச் சில செக்கன்கள் கழியும். ஆதலின் அதனை மின்னவைத்தல் கூடாது. ஒளிகாலும் இருவாயி எனப்படும் எல்.ஈ.டி. விளக்கு கணத்தில் ஏறி கணத்தில் அணைவது. மின்னுதற்கு மிகவும் ஏற்றது. ஆயின் இக்கால வண்டிகளில் விளக்குகளைச் சிறு கணினியொன்று கண்காணிக்கின்றது. அதன் வயரை இடையில் வெட்டிப் புதுக்கருவியைச் சேர்த்தால், விளக்கு பழுதென்று எண்ணி அக்கணினியே மின்னைத் தடுத்துவிடும். வண்டி செய்தோர் இதற்கெனக் குறித்த இணைப்பு வழியையே கொள்ளுதல் வேண்டும்.

இவையெல்லாவற்றினும் முதன்மையானது இரவு பற்றிய விதி. பகலில் வழிவேண்டும் வெள்ளொளி, இரவில் வழிமறிக்கும் ஒளியாகின்றது. இருளுக்குப் பழகிய கண்ணில் தூர ஒளி விழும்போது, அது விழியினுள்ளே சிதறி வெண்புகைபோற் படர்ந்து ஏனைய பொருள்களை மறைக்கும். கண்புரை தொடங்கிய முதியோருக்கு இத்துன்பம் மிகுதி. ஒளி கடந்துபோன பின்னரும் கண் தெளியச் சில செக்கன்கள் வேண்டும். அச்சில செக்கன்களில், விளக்கின்றி வீதியோரம் வரும் துவிச்சக்கர வண்டிக்காரனை எதிர்ச்சாரதி காணான். காவு வண்டியின் சாரதிக்கும் வீதியின் ஒருபாதி மாறிமாறி இருண்டு தோன்றும். அன்றியும், எதிரே வருவோன் இரு விளக்குகளின் இடைவெளியைக் கொண்டே வண்டியின் அகலத்தையும் தொலைவையும் மதிப்பிடுகின்றான். ஒற்றை விளக்கு எரியும் கணத்தில் பெருவண்டி மோட்டார்ச் சைக்கிள்போலத் தோன்றக்கூடும்.

ஆகவே முகப்பு விளக்கின் சுவிச்சைச் சாரதி இரவுக்கென ஏற்றியவுடனே மின்னும் கருவி தானாகவே விலகுமாறு அமைத்தல் வேண்டும். இதனைச் சாரதியின் நினைவுக்கு விட்டுவிடுதல் ஆகாது. உயிரைக் காக்க விரைபவனுக்கு நினைக்கவேண்டியவை வேறு பல உள. கைத்தடுப்பை இழுத்து வண்டியை நிறுத்தியவுடனும் முன்னொளி மின்னல் நிற்குமாறு அமைத்தல் நன்று. நின்ற வண்டி வழி கேட்பதில்லை. அதன் ஒளி விபத்திடத்தில் உதவுவோரின் கண்களையே கூசச்செய்யும். இரவில் வழிகேட்கும் பொறுப்பு கூரை விளக்குக்கும் ஒலிக்கும் உரியது.

வேலை முடிந்தபின் சோதனை செய்யாது வண்டியை ஒப்படைத்தல் கூடாது. எஞ்சினை இயக்கி, எல்லா விளக்குகளும் ஒருங்கே எரியும்போது பற்றரியின் அழுத்தம் வீழ்கின்றதா என அளத்தல் வேண்டும். அரை மணி நேரம் மின்னவைத்து, வயர்களையும் இணைப்புகளையும் தொட்டுச் சூடு அறிதல் வேண்டும். மின்னும் கருவியின் உருகியைக் கழற்றியபின் முகப்பு விளக்கு இயல்பாக எரிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். இதிற் தவறிய பொருத்துவேலை, ஏனையவற்றில் எத்துணைச் சிறப்புடையதாயினும் ஏற்கத்தக்கதன்று. இறுதியாக இரவில் விளக்கை ஏற்றி, மின்னல் தானே விலகுகின்றதா எனக் காணல் வேண்டும்.

இவ்வளவு நுட்பத்துடன் பெறப்படும் பயன் யாது? மின்னொளியும் ஒலியும் வண்டிக்கு மிக்க வேகந் தரும் என்பது பொதுமக்கள் எண்ணம். ஆராய்ச்சிகள் அதனை ஓரளவே ஆதரிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து நகரொன்றில் நடத்தி 1995 இல் வெளியிட்ட ஆய்வில், ஒளியும் ஒலியும் கொண்டு நோயாளியை ஏற்றிச்சென்ற பயணங்கள் சராசரியாக 43.5 செக்கன் மட்டுமே மிச்சப்படுத்தின. அந்நாடு முழுவதற்குமான பதிவுகளைக் கொண்டு 2019 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, நோயாளியுடன் திரும்பும் பயணங்களில் இவை பயன்படாதபோது இலட்சத்துக்கு 7 ஆக இருந்த விபத்து, பயன்பட்டபோது 17 ஆக இருந்தது. அந்நாட்டு நகரமும் யாழ்ப்பாண நகரமும் ஒன்றல்ல. நெரிசல் மிக்க ஒடுங்கிய வீதியில் மிச்சமாகும் நேரம் வேறுபடலாம். எனினும் பாடம் ஒன்றே. மின்னும் விளக்கு ஒரு வேண்டுகோள், உரிமைப்பத்திரம் அன்று. அதனை ஏற்றியதனாற் பிறர் கண்டுவிட்டனர் என்று சாரதி துணிதல் தவறு. சந்தியிலே வேகந் தணித்து, வழி கிடைத்ததைக் கண்ணாற் கண்டபின்னரே கடத்தல் அவன் கடன்.

வேண்டுகோளுக்கு மதிப்பு இருக்கவேண்டுமாயின் அது அருமையாக இருத்தல் வேண்டும். இந்தியாவில் பதவியிலுள்ளோர் பலர் சிவப்புச் சுழல்விளக்கைப் பெருமைக்குறியாகக் கொண்டிருந்தனர். 2013 டிசம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனைக் கட்டுப்படுத்தித் தீர்ப்பளித்தது. 2017 மே 1 முதல் அரசே அவ்வழக்கத்தை ஒழித்து, அத்தகைய விளக்குகளை அவசர சேவைகளுக்கு ஒதுக்கியது. இலங்கையிலும் 2025 ஜனவரியில் பேருந்து, முச்சக்கர வண்டி முதலியவற்றிற் பொருத்தப்பட்ட மேலதிக விளக்குகளையும் அணிகளையும் அகற்றும் நடவடிக்கையிற் பொலிசார் இறங்கினர். கோபித்தோரும் சிலர். ஆயின் திருமண ஊர்வலமும் ஓட்டோவும் மின்னிக்கொண்டே செல்லும் வீதியில், நோயாளியின் வண்டி மின்னுவதற்கு என்ன பொருள்? எல்லோரும் கூவினால் எவர் குரலும் கேளாது.

இளைஞர் பலர் இன்று தம் மோட்டார்ச் சைக்கிள்களுக்குத் தாமே விளக்கு இணைக்கும் திறனுடையர். அத்திறன் போற்றத்தக்கது, அது பயில்வதற்குரிய கல்வியும் கல்லூரிகளில் உண்டு. அத்திறனோடு சேர்ந்து வரவேண்டிய அறிவு, எவ்விளக்கை எங்கே பொருத்தலாம் என்பதினும் எதனைப் பொருத்தாது விடவேண்டும் என்பதேயாகும்.

கண்ணாடியிலே அவ்வொளி மாறிமாறித் தோன்றக் கண்டவர் செய்யத்தக்கது எளிது. பதற்றமின்றி வேகந் தணித்தல், இடப்பக்கம் ஒதுங்குதல், வண்டி கடக்கும்வரை நிற்றல், அதன் பின்னே தொற்றிக்கொண்டு விரையாதிருத்தல். பற்றரியும் இழையும் திரான்சிற்றரும் வேண்டுகோளை எழுப்பவல்லன. அதற்கு விடையளிக்க வல்லவர் வீதியிலுள்ள மனிதரே. அவ்விடை உடனே கிடைக்கும் ஊரில், விளக்கு மின்னுவது பயனுடைய செயலாகும்.